மரத்தில் ஒரு சொகுசு இருக்கை

பொழுது புலர்ந்து, மரங்கள் ஒவ்வொன்றாக மூடுபனியை விட்டு வெளியே வந்தபோதுதான், மான் வேட்டைக்காக மரமேறி உட்கார்ந்திருந்த ஆர்லன் அதைக் கண்டார். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஓக் மரத்தில் அவருக்கு முன்பே ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. அது அவர் பதினோரு வருஷம் உட்கார்ந்த மரம். முழங்கால் அந்தச் சரிவை ஏற மறுத்ததால் இந்த வருஷம்தான் இந்தப் பக்கத்துக்கு மாறியிருந்தார். ஆனாலும் கிக்கபூ ஆற்றை ஒட்டிய இந்தக் காடு அரசாங்கத்துடையது. முதலில் வந்தவருக்கு மரம். அதில் சண்டை போட ஒன்றுமில்லை.

வில்லோடு மரமேறுகிறவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மரத்தில் ஒருவர் இருப்பதைக் கண்டால் அவர் பக்கம் போகக் கூடாது, பேசக் கூடாது. கண்ணோடு கண் பட்டால் கையை ஒரு தரம் உயர்த்தலாம். அவரும் ஒரு தரம் உயர்த்துவார். அவ்வளவுதான். நவம்பர் முதல் வாரத்தில் அதற்கு மேல் ஒரு சத்தம் எழுப்பினாலும், அது அவருடைய ஒரு வருஷத்தைக் கெடுத்த மாதிரி. பெரிய ஆண்மான்கள் பெண்மான்களைத் தேடிப் பட்டப்பகலில் வெளியே வருவது இந்த ஏழெட்டு நாள்தான்.

யாரென்று பார்க்க ஆர்லன் தொலைநோக்கியை எடுத்தார். தொப்பியும் காட்டு நிறச் சட்டையும் பனியில் மங்கலாகத் தெரிந்தன. பிறகு இடுப்பைச் சுற்றியிருந்த அகலமான பச்சைத் துணி தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு பழுப்பு ஒட்டு. ஒட்டைச் சுற்றி நீல நூல் தையல்.

அவர் கை தானாகவே தொலைநோக்கியைக் கீழே இறக்கியது. பழுப்பு நூல் தீர்ந்துபோய் நீல நூலில் அந்த ஒட்டைத் தைத்தது அவர் மனைவி லவோன். அங்கே தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய பழைய சேணம்.

குதிரைக்குப் போடுகிற சேணமல்ல இது. இடுப்பையும் தொடையையும் சேர்த்து அணைக்கிற அகலத் துணி. அதன் முன்பக்கத்திலிருந்து ஒரு கயிறு மரத்துக்குப் போகும். காலடியில் ஒரு சாண் அகல மிதிபலகை. ஆள் மரத்தைப் பார்த்தபடி கயிற்றில் பின்னுக்குச் சாய்ந்து நிற்கலாம், இல்லாவிட்டால் உட்காரலாம். ஆர்லன் இப்போது கட்டியிருப்பது குறுகலானது. எலும்பை உறுத்தும், அரைமணிக்கொரு தரம் எழுந்து நிற்க வைக்கும். எதிர்மரத்தில் இருந்ததோ மெத்தை வைத்துத் தைத்தது. நாற்காலி மாதிரி ஆளை வாங்கிக்கொள்ளும்.

கோளாறு அதில்தான் இருந்தது. போன நவம்பரில் அதே மரத்தில், அதே துணியில் ஆர்லன் நாலு மணி நேரம் உட்கார்ந்தார். இடையில் கண்ணும் அயர்ந்தது. விழித்தபோது கால்களைக் காணவில்லை. இருந்தன, ஆனால் அவருடையவையாக இல்லை. தொடைக்கடியில் துணியின் ஓரம் இறுகி ரத்தத்தை நிறுத்தியிருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தார். வெந்த கிழங்குபோலக் கால் மடிந்தது, உடம்பு ஆடி மரத்தைச் சுற்றிப் போனது, கண் இருண்டது. கிளையொன்று கைக்கு அகப்பட்டதால் பிழைத்தார். தரைக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக அவரே ஊரெல்லாம் சொல்லிப் புகழ்ந்த பொருள் அது.

ஆகஸ்டில், தேவாலயக் கூடத்தில் பழைய பொருள் விற்பனை வந்தபோது, அதைச் சுருட்டி அட்டைப் பெட்டியில் போட்டார்.

"ரெண்டு வருஷமா அந்தத் துணியைக் கட்டிக்கிட்ட பொண்டாட்டி மாதிரி கொஞ்சுனீங்க. இப்போ அதுக்கும் விவாகரத்தா?" என்றாள் லவோன்.

அன்று அதை எடுத்தவன் கோர்டி. சீஸ் ஆலையில் வேலை, போன வசந்தத்தில் அயோவாவிலிருந்து வந்தவன், மனைவியை இழந்தவன். வாய் ஓயாமல் பேசுவான். வெற்று வீட்டில் பேச ஆளில்லாததால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காபிப் பானைக்குப் பக்கத்தில் யார் அகப்பட்டாலும் பிடித்துக்கொள்வான். ஆர்லன் அவனைக் கண்டால் கோப்பையோடு சமையலறைப் பக்கம் நழுவிவிடுவார்.

"ஆர்லன், உங்களோடதாமே இது! நல்லாத்தானே இருக்கு, ஏன் குடுக்குறீங்க? ஏதாவது கோளாறா?" என்று கேட்டான் கோர்டி.

லவோன் முந்திக்கொண்டாள். "கோளாறு அதுல இல்ல கோர்டி, இவரு இடுப்புல. துணிக்கே மூச்சு முட்டுதாம்."

மேசையைச் சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லனும் சிரித்தார். "வீட்டுச் சாய்வு நாற்காலி மாதிரி இருக்கும்பா. உட்கார்ந்தா எழுந்திரிக்கவே மனசு வராது," என்றார்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வாரா வாரம் அதே கட்டடத்தில், செய்த தீமைக்காக மட்டுமல்ல, செய்யாமல் விட்ட நன்மைக்காகவும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறவர் அவர். ஆனாலும் கோர்டி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போனபோது அவர் கூப்பிடவில்லை. 'ஜாக்கிரதை, அதிக நேரம் உட்காராதே' என்று சொல்ல நாலு வினாடி போதும். அந்த நாலு வினாடியில் தன் பழைய பெருமை கரைந்துவிடுமே என்றிருந்தது.

இப்போது ஓடைக்கு அக்கரையில் அந்த நாலு வினாடி தொங்கிக்கொண்டிருந்தது.

'நாற்பது வயசுக்காரன். கால் பலமாக இருக்கும்,' என்று தன்னையே தேற்றிக்கொண்டார். திரும்பத் திரும்பப் பார்க்க மனம் கூசியது. அதனால் பார்க்காமல் இருந்தார்.

பனி எழுந்து மூடியது, பிறகு விலகியது. ஒவ்வொரு முறை விலகும்போதும் எதிர்மரத்து உருவம் வேறு திசை பார்த்திருந்தது. முதலில் கிழக்கு. அப்புறம் மரத்துக்குப் பின்னால் பாதி. அப்புறம் நேராக இந்தப் பக்கம். நல்ல வேட்டைக்காரன் அசைவது தெரியாமல் திரும்புவான். இவன் திரும்பியதில் தோள் அசையவில்லை, தலை அசையவில்லை. கடிகாரத்தின் சின்ன முள் மாதிரி, கண்ணை எடுத்து மறுபடி வைப்பதற்குள் இடம் மாறியிருந்தான்.

எட்டு மணி சுமாருக்கு அந்த உருவத்தின் வலக்கை தோள்வரை எழுந்தது. ஒரு கணம் அங்கேயே நின்று, பிறகு இறங்கியது.

ஆர்லன் மரியாதைக்குத் தன் கையை உயர்த்தி இறக்கினார்.

சற்று நேரத்தில் கை இரண்டாம் முறையும் எழுந்தது. அப்படி வழக்கமில்லை. இவன் கைக்கும் வாயாடித்தனம் வந்துவிட்டது என்று நினைத்து ஆர்லன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கறுப்புத் தலைச் சிட்டு ஒன்று பறந்து வந்து அந்தத் தொப்பியில் அமர்ந்தது. அங்கிருந்து தோளுக்கு இறங்கியது. பிறகு முகத்துக்குப் பக்கத்தில் எதையோ கொத்தியது. தொப்பியில் சிட்டு உட்கார்ந்ததை வேட்டைக்காரர்கள் பேரன் பேத்திகளிடம் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அவ்வளவு அசையாமல் இருந்தேனாக்கும் என்று. ஆர்லனுக்குக் கொஞ்சம் பொறாமையே வந்தது. பொறாமைக்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் குளிர்ந்தது. அது என்னவென்று அவர் குனிந்து பார்க்கவில்லை.

இரண்டு பெண்மான்கள் சரிவில் இறங்கி அந்த மரத்தடியில் நின்றன. மூத்தது தலையை நிமிர்த்தி மேலே பார்த்தது. மனிதனைப் பார்த்த மான் முன்காலைத் தரையில் தட்டும், சீறும், ஓடும். இது அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. ஏதோ கிளை முறிந்து தொங்குவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு மேயப் போனது.

பிறகு அந்த ஆண்மான் வந்தது.

அதன் கொம்புகளை ஆர்லன் மூன்று வருஷமாக அறிவார். இடது கொம்பில் கீழ்நோக்கி வளைந்த ஒரு கிளை. அது ஓடைக்கரையோரமாக வந்து, சரியாக அந்த ஓக் மரத்தடியில் நின்று, பட்டையில் கொம்பைத் தேய்த்தது. மரம் அதிர்ந்தது. மேலே தொங்கிய பூட்ஸ்கள் இரண்டும் ஒன்றோடொன்று மெல்ல மோதிக்கொண்டன. பதினைந்தடி உயரம், நேர் கீழே மான். இந்தப் பள்ளத்தாக்கில் எந்த மனிதனும் இதற்காகக் கையை வெட்டிக் கொடுப்பான்.

கோர்டி வில்லை எடுக்கவில்லை.

வில் மரத்தின் இந்தப் பக்கத்துக் கொக்கியில் மாட்டியிருந்தது. அவன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஆண்மான் ஓடையில் இறங்கி ஆர்லனை நோக்கி வந்தது. நாற்பது தப்படி. முப்பது. அவர் கை நாணில் இருந்தது. மூன்று வருஷக் காத்திருப்பு முழுவதும் அந்த விரல்களில் இருந்தது. ஆனால் கண் மானின்மேல் நிற்கவில்லை. ஆடி அடங்கிய அந்தப் பூட்ஸ்களின் கீழே மிதிபலகை இல்லை என்பதை அப்போதுதான் கண்டார்.

"கோர்டி!"

அந்தக் குரல் காட்டுக்கே அந்நியமாக ஒலித்தது. மான் வெள்ளை வாலைத் தூக்கி ஒரே தாவலில் மறைந்தது. எதிர்மரத்து உருவம் அசையவில்லை. ஆர்லன் மறுபடியும் கத்தினார். ஓடையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

இறங்கும்போது, மரமேறக் கட்டியிருந்த ஏணித்துண்டுகளில் ஒன்றை மட்டும் கழற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டார். ஒரு முழ நீளம், இரண்டு படி, மரத்தில் இறுக்க ஒரு வார். ஓடையைக் கடக்கும்போது முழங்கால்வரை நனைந்தது. அக்கரை ஏறியதும் பனி சூழ்ந்துகொண்டது. பதினோரு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு போய்வந்த வழி, ஆனால் மரத்தைக் காணவில்லை. எல்லா மரமும் அந்த மரம்போலிருந்தது, ஒவ்வொன்றின் மேலும் யாரோ இருப்பதுபோலிருந்தது. நின்றார். "ஆண்டவரே, அவனை எனக்குக் காட்டும். என்னைக் கேள்வி கேட்பதை அப்புறம் வைத்துக்கொள்ளும்," என்றார்.

மேலே, வெகு அருகில், துணி கிறீச்சிட்டது.

நிமிர்ந்தார். தலைக்கு நேர்மேலே இரண்டு பூட்ஸ்களின் அடிப்பகுதிகள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. இலைச் சருகில் மிதிபலகை கவிழ்ந்து கிடந்தது. வாரைச் சரியாக இறுக்காமல் விட்டதில் அது நழுவியிருக்க வேண்டும்.

கோர்டியின் ஏணித்துண்டுகள் மரத்தின் மறுபக்கம் அப்படியே இருந்தன. தூக்கத்தில் பலகை நழுவியதும் அவன் மரத்தைச் சுற்றி வீசப்பட்டிருக்கிறான். செத்துப்போன கால்களால் இந்தப் பக்கம் திரும்பி வர முடியவில்லை. ஆர்லன் ஏறினார். முழங்கால் வலித்ததா இல்லையா என்று பின்னர் அவருக்கு நினைவில்லை. தன் கயிற்றை மரத்தோடு கோத்துக்கொண்டு, எட்டிச் சேணத்தைப் பிடித்து, அவனைத் தன் பக்கம் இழுத்தார்.

முகம் சாம்பலாக இருந்தது. உதடு நீலம். கண் பாதி திறந்து எங்கோ பார்த்தது. மூக்கருகே கை வைத்தார். மூச்சு இருந்தது. உண்டா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு இருந்தது.

மேலே தூக்க அவரால் ஆகாது. ஒரு படி கீழே இறங்கி, குனிந்து, அந்தப் பூட்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தோள்களில் வைத்தார். பிறகு மரத்தைக் கட்டிக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். கோர்டியின் முழங்கால்கள் மடிந்தன, தொடை துணியை விட்டு ஒரு விரல் கனம் எழுந்தது. அந்த ஒரு விரல் கனத்துக்காகத்தான் இத்தனையும்.

கொண்டு வந்த ஏணித்துண்டு இடுப்பில் தொங்கியது. அதை மரத்தில் கட்ட இரண்டு கையும் வேண்டும், குனியவும் வேண்டும். குனிந்தால் அவன் மறுபடி துணிக்குள் விழுவான். போனில் சிக்னல் மேட்டில்தான் கிடைக்கும். போய் வர அரைமணி. ஆர்லன் நின்றார்.

"கோர்டி. பேசு."

ஆர்லன் தோளை லேசாகக் குலுக்கிப் பார்த்தார்.

"டேய், பேசுடா! ஆறு மாசமா என் காதைத் தின்னவன்தானே நீ. எதையாவது சொல்லு. அயோவாவைப் பத்திச் சொல்லு. அந்த மக்காச்சோளக் கதை ஒண்ணு சொல்வியே, அதைச் சொல்லு. நான் சமையலறைக்கு ஓட மாட்டேன்."

காடு கேட்டுக்கொண்டிருந்தது. அவன் வாயை மூடினால் போதும் என்று எத்தனை ஞாயிறு நினைத்திருப்பார்! இப்போது அந்த மௌனம் அவர் தோளில் ஏறி நின்றது.

அவன் பேசாததால் அவர் பேசினார். "எனக்குத் தெரியும்டா. இந்தத் துணி காலைக் கொன்னுடும்னு தெரியும். போன வருஷம் இதே மரத்துல எனக்கு நடந்துச்சு. நீ கேட்ட. நான் சொல்லல. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டுச் சும்மா இருந்துட்டேன். சாவாதே. தயவு செஞ்சு சாவாதே."

நெடுநேரம் கழித்து, மேலே, காய்ந்த இலை உரசுவதுபோல ஒரு குரல் வந்தது.

"சாய்வு நாற்காலின்னீங்க."

"ஆமா, சொன்னேன்."

"அதுல உட்கார்ந்தாலும்... கால் மரத்துத்தான் போகும்."

ஆர்லனுக்கு அழுகை வந்தது. "முழங்காலை அழுத்து. என் தோளை மிதி. நல்லா மிதி."

"மிதிக்கிறேனான்னே தெரியல." மூச்சு வாங்கினான். "விடியறதுக்கு முன்னாடியே பலகை போயிடுச்சு. கத்திப் பார்த்தேன். குரல் வரல. அப்புறம் வெளிச்சம் வந்துச்சு. அந்தப் பக்கம் ஆள் இருந்துச்சு. உயிரைக் கூட்டிக் கையைத் தூக்கினேன்."

ஆர்லன் மரத்தை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டார்.

"அந்த ஆளும் கையைத் தூக்கினாரு. சரி, பார்த்துட்டாரு, வந்துடுவாருன்னு நினைச்சேன். வரல. மறுபடி தூக்கினேன். அவரு திரும்பிக்கிட்டாரு." கொஞ்சம் நிறுத்திக் கேட்டான்: "ஆர்லன், அது மனுஷன்தானா? பனியில எனக்குச் சரியாத் தெரியல. மனுஷனா இருந்தா வந்திருப்பாரு, இல்ல?"

தோளில் பூட்ஸ் கனத்தது. கீழே ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அது மனுஷன் இல்லை என்று சொன்னால் போதும், அவனும் நம்பிவிடுவான். பனி எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும்.

"நான்தான் கோர்டி," என்றார் ஆர்லன். "அது நான்தான். வணக்கம் சொல்றேன்னு நினைச்சேன்."

ஆர்லன் மரப்பட்டையில் நெற்றியை வைத்துக் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இப்போ கீழே நிக்கிறது யாரு?" என்று கேட்டது குரல்.

"நான்தான்."

"அப்போ அசையாம நில்லுங்க."

எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. தோள் எரிந்தது, வியர்வை குளிர்ந்தது. அவன் ஊரைப் பற்றி இரண்டு சொல் பேசுவான், நிறுத்துவான், நிறுத்திய இடத்திலிருந்து அவர் கேள்வி கேட்டு இழுப்பார். இறந்துபோன மனைவியின் பெயர் டோரீன் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அவளுக்குப் பூனை பிடிக்காது என்பதும், ஆனாலும் மூன்று பூனை வளர்த்தாள் என்பதும்.

திடீரென்று அவன் அலறினான்.

"என்னாச்சு?"

"எரியுது! காலு! ஐயோ, ஊசி ஊசியாக் குத்துது, ஆர்லன்!"

ரத்தம் கீழே இறங்குகிறது. ஆர்லன் அழுதுகொண்டே சிரித்தார். "ஸ்தோத்திரம்! கத்து! நல்லா வாய் விட்டுக் கத்து!"

கோர்டி கத்தினான். கிக்கபூ பள்ளத்தாக்கில் நவம்பர் முதல் வாரத்தில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. மேட்டுக்கு அப்பாலிருந்து ஒரு கோபக் குரல் வந்தது. "வாயை மூடித் தொலைங்கய்யா! இங்க வேட்டைக்கு வந்திருக்கோம்!"

"வாங்க! ஆள் தொங்குறாரு! இறங்கி வாங்க!" என்று ஆர்லன் கூவினார்.

பிறகு மேட்டில் ஏணித்துண்டுகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை கேட்டது. அதற்கு இடதுபுறம், யாரும் இல்லையென்று அவர் நினைத்திருந்த மரமொன்றிலிருந்து இன்னொருவர் இறங்கும் ஓசை. அவர் விட்டு வந்த கரையில் மூன்றாவது ஆள். காலை முழுவதும் பனிக்குள் இத்தனை பேர், ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

சருகில் காலடிகள் நெருங்கின. முகங்கள் இன்னும் தெரியவில்லை.

"ஆள் வர்றாங்க. நீங்க இறங்கிக்கலாம்," என்றான் கோர்டி. அவன் வலக்கால் ஆர்லனின் தோளில் சொந்தப் பலத்தில் ஒரு முறை அழுத்தியது.

"அவங்க கை உன் மேல படட்டும். அதுவரைக்கும் நீ என் மேலயே நில்லு," என்றார் ஆர்லன்.